எடைக்கு வைத்த சிமெண்டு

காலையில் கடையைத் திறந்ததும் கணினிக் கடைக்காரர் செய்கிற முதல் வேலை ஸ்டிக்கர் ஒட்டுவது. கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளைப் பெட்டிகளை மொத்த வியாபாரி அனுப்புவார்; அவை முகத்தில் ஓர் எழுத்துகூட இல்லாமல் வரும். கூடவே ஸ்டிக்கர் சுருளும் வரும். முந்நூறு வாட்ஸ் கேட்பவருக்கு முந்நூறு, ஐநூறு கேட்பவருக்கு ஐநூறு. உள்ளே இருப்பது என்னவோ ஒரே சரக்குதான். கையில் தூக்கிப் பார்ப்பவர் 'நல்ல கனம்' என்று மெச்சுவதற்காக அடியில் ஒரு சிமெண்டுக் கட்டியையும் வைத்திருப்பார்கள். படிக்காமல் பரீட்சைக்குப் போகிறவன் சட்டைப் பையில் நாலு பேனா சொருகிக்கொள்கிற மாதிரிதான் இதுவும் என்று அவர் தனக்குள் சிரித்துக்கொள்வார்.

தெருவில் அவரை 'தாங்கும் அண்ணன்' என்றால்தான் தெரியும். எதை நீட்டி எதைக் கேட்டாலும் பதில் அது ஒன்றுதான். பழைய கணினிக்குப் புது மென்பொருள் தாங்குமா? தாங்கும். கால் ஒடிந்த மானிட்டர் தாங்குமா? தாங்கும். அவருடைய கல்யாணப் பேச்சில் 'மாப்பிள்ளை குடும்பத்தைத் தாங்குவாரா?' என்று பெண் வீட்டார் பெரியவர்களைக் கேட்க, இவரே முந்திக்கொண்டு "தாங்கும்" என்றதாக ஒரு கதை உண்டு.

அன்று வீட்டுப் படம் வரைகிற பெண் வந்தாள். கட்டட நிறுவனம் ஒன்றில் பகல் வேலை. வீட்டில் பழைய கணினியை வைத்துக்கொண்டு வெளிவேலையும் எடுத்துச் செய்பவள்.

"அண்ணே, படம் வேகமா வர்றதுக்கு கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல நல்லதா கெடைச்சிருச்சு. மிஷின்தான் பழசு. அதுல இருக்கிற பவர் சப்ளை இதுக்குப் பத்தாதுங்கிறாங்க."

"ஐநூறு வாட்ஸ் ஒண்ணு போட்டுட்டா போச்சு."

"நாள் முழுக்க ஓடும்ணே. தாங்குமா?"

"தாங்கும்."

கையில் வாங்கிப் பார்த்தாள். "நல்ல கனமா இருக்கே!" என்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

மாட்டிக் கொடுக்க அவரே அவள் வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை. சன்னலை ஒட்டிக் கட்டில். அதில் வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன அவளுடைய அப்பா. கட்டிலின் கால்மாட்டில் மேசையும் கணினியும். பவர் சப்ளையை மாற்றினார். பழைய கார்டைப் பிடுங்கி, தூசி ஊதி, புதியதை வைத்து அழுத்த, 'டக்'கென்று உட்கார்ந்தது. பெரியவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது தாங்குமா?"

"தாங்கும்யா. கவலைய விடுங்க."

"இல்ல, காலையில இவ ரெண்டர் போட்டுட்டு, வெளிய பூட்டிட்டு வேலைக்குப் போயிருவா. நானும் அதுவும்தான் உள்ள. எனக்கு எந்திரிச்சு ஓட வராது. அதான் கேக்குறேன்."

ரெண்டர் என்றால், வரைந்த வீட்டுக்கு வெயில், நிழல், சுவர் வண்ணம் எல்லாவற்றையும் கணினியே கணக்குப் போட்டு, புகைப்படம் மாதிரி முடித்துத் தருவது. அந்த நேரம் முழுக்கக் கார்டு மின்சாரத்தைக் குடம் குடமாகக் குடிக்கும்.

"அப்பா உங்களை இன்டர்வியூ எடுக்கிறாருண்ணே!" என்று மகள் சிரித்தாள். அவரும் சிரித்துவைத்தார். திரையில் படம் பளிச்சென்று வந்தது.

மறுநாள் கடையில் டீயை வாயருகே கொண்டுபோனபோது, பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் கருகிய பெட்டி ஒன்றை மேசையில் வைத்தார்.

"என்ன தாங்கும் அண்ணே, உங்க ஐநூறு வாட்ஸ் சூடம் மாதிரி எரிஞ்சிருச்சே! பையன் கேம் ஆட புதுக் கார்டு போட்டான். ஒரு மணி நேரம்கூட ஆகல, பின்னாடியிருந்து நெருப்பு. நல்ல வேளை, பக்கத்துலயே இருந்தான், ஒயரைப் புடுங்கிட்டான். ஆள் இல்லாம இருந்தா வீடே போயிருக்கும்."

'ஆள் இல்லாம இருந்தா' என்ற சொல் அவர் காதில் அப்படியே நின்றது. கருகிய பெட்டியைப் பார்த்தார். நேற்று மாட்டிய அதே கட்டுச் சரக்கு. 'எனக்கு எந்திரிச்சு ஓட வராது, அதான் கேக்குறேன்' என்ற பெரியவரின் குரல் கேட்டது.

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. கடையைச் சாத்தக்கூட இல்லை, வண்டியை எடுத்தார்.

வழியெல்லாம் மனசு இரண்டு ஆளாகப் பிரிந்து சண்டை போட்டது. 'சும்மா பயப்படாதே, ஒண்ணும் ஆயிருக்காது' என்றது ஒன்று. 'அதெப்படி ஆகாம இருக்கும், ஸ்டிக்கரை ஒட்டினதே நீதானே' என்றது மற்றது. சிக்னலில் சிவப்பு விழுந்தபோது, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சிக்னலைத் திட்டினார்.

வாசலுக்கு வரும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. பிளாஸ்டிக் கருகும் வாடை. கதவில் பூட்டு. சன்னல் கம்பிகளுக்கு இடையே மஞ்சளும் கறுப்புமாகப் புகை. உள்ளே மேசைமேல் கணினிப் பெட்டியின் முதுகில் நீலமாக ஏதோ பொறிந்துகொண்டிருந்தது. அதன் அருகே போர்வையின் நுனி தொங்கியது. பெரியவர் ஒரு கையால் போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். முக்கால்வாசி இன்னும் அங்கேதான் கிடந்தது.

கதவோரம் வெளிச்சுவரில் மெயின் சுவிட்ச். பாய்ந்து கீழே இழுத்தார். மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது. பொறி அணைந்தது. புகை மட்டும் வந்துகொண்டே இருந்தது.

"யாராவது சாவி கொண்டாங்க! சாவி!" என்று கத்திவிட்டுச் சன்னலுக்கு ஓடினார். "ஐயா, பயப்படாதீங்க, அணைச்சிட்டேன்."

பெரியவர் இருமினார். பிறகு சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"தாங்கும்னியே, தம்பி."

எதிர் வீட்டு அம்மா மாற்றுச் சாவியோடு ஓடிவந்தார். கணினியை வெளியே இழுத்துப் போட்டார்கள். போர்வையில் உள்ளங்கை அளவு கருகியிருந்தது. அவ்வளவுதான். அந்த அம்மா அவள் அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்ல, மகளும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"இந்தத் தம்பி மட்டும் வரலேன்னா உங்கப்பா இல்லடி! சாமி மாதிரி வந்தாரு," என்றார் எதிர் வீட்டு அம்மா.

மகள் அழுதுகொண்டே கைகூப்பினாள். "அண்ணே, இத நான் உசிரு உள்ளவரை மறக்க மாட்டேன்ணே."

புகையைவிட அந்தக் கும்பிடுதான் அவரை மூச்சு முட்ட வைத்தது. தலையை ஆட்டிவிட்டால் போதும். சாமியாகவே வீடு திரும்பலாம். பெரியவரைப் பார்த்தார். காட்டிக்கொடுப்பார் என்று நினைத்தார். பெரியவர் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பார்வை மட்டும் அவர் முகத்தைவிட்டு நகரவில்லை.

தாங்கும் அண்ணன் தரையில் உட்கார்ந்தார். திருப்புளியை எடுத்துக் கருகிய பெட்டியைத் திறந்து கவிழ்த்தார். சிமெண்டுக் கட்டி 'தொப்'பென்று விழுந்தது.

"இது எடைக்கு வச்சதும்மா. ஐநூறுன்னு நான் ஒட்டினது வெறும் காகிதம். இது உன் கார்டைத் தாங்காது. தெரிஞ்சேதான் வித்தேன்."

மகளின் கூப்பிய கை மெல்லப் பிரிந்தது. கத்துவாள், அடிப்பாள் என்று காத்திருந்தார். அவள் கத்தவில்லை.

"பொருள் போலின்னா வேற வாங்கிக்கலாம்ணே. நான் இந்தப் பெட்டிய நம்பல, உங்க வார்த்தைய நம்பித்தான் எங்கப்பாவ உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போனேன்."

கடைக்குத் திரும்பி ஸ்டிக்கர் சுருளைக் கிழித்துப் போட்டார். இதே பெட்டிகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும். யார் வீடு, எந்தத் தெரு? யாருக்கும் ரசீது கொடுத்ததில்லையே! எந்தக் கணினியின் பக்கத்தில் தொட்டில் இருக்கிறதோ, எந்த அறை வெளியே பூட்டியிருக்கிறதோ?

ஓர் அட்டையை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் தொங்கவிட்டார்: 'என்னிடம் பவர் சப்ளை வாங்கியவர்கள் கணினியை உடனே அணைத்துவிட்டு வாருங்கள். அது போலி. பணத்தைத் திருப்பித் தருகிறேன்.'

ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டு முறை படித்தார். "அண்ணே, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? எல்லாரும்தானே இத விக்கிறாங்க. இப்படி போர்டு வச்சா வியாபாரம் தாங்குமா?"

"தாங்காது," என்றார் அவர். அந்தத் தெருவில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை. "வியாபாரம் தாங்காட்டி கடைய மூடிட்டு வேற வேலை பாத்துக்கலாம். ஆனா ஒருத்தர் வந்து 'தாங்குமா'ன்னு கேட்டா, அந்தப் பொருளுக்குப் பக்கத்துல அவங்க வீட்டு ஆள் ஒருத்தர் படுத்திருக்காருன்னு அர்த்தம். அந்தக் கேள்விக்குத் தெரிஞ்சே பொய் சொல்றது வியாபாரம் இல்லய்யா, கொலை. நேத்து வரைக்கும் அதத்தான் நான் ஸ்டிக்கர் ஒட்டி வித்துக்கிட்டிருந்தேன்."

அட்டை காற்றில் திரும்பிக்கொண்டது. எழுத்து தெருவைப் பார்க்கும்படி அதை நேராக்கிவிட்டு, ஜெராக்ஸ் கடைக்காரர் தன் கடைக்குப் போனார்.