வாலு உடைத்த பம்ப்

ஆபீசில் அவளுக்கு வாலு என்று பெயர். வெளியே போகுமுன் தப்பைக் கண்டுபிடிக்க, நன்றாக ஓடுகிற கருவியைச் சீண்டிச் சீண்டிக் கவிழ்ப்பதுதான் அவள் வேலை. இப்போது மேஜையில் இருந்தது நோயாளியின் நரம்பில் மருந்து ஏற்றும் பம்ப். ஒவ்வொரு வேலையையும் குறித்த நொடியில் முடித்தே தீரவேண்டிய அதன் இயங்குதளத்தை எழுதியவர் அவள் அக்கா வீட்டுக்காரர். அத்தானுக்கு அது பெறாத பிள்ளை.

காலையில் சென்சார் ஒயர் வழியாக அவள் உளறல் எண்களை வாரி இறைத்தபோது பம்ப் உறைந்தது. மோட்டார் நின்றுவிட்டது, 'எல்லாம் நலம்' என்கிற பச்சை விளக்கு மட்டும் வெட்கமில்லாமல் எரிந்தது. பம்பை அணைத்துப் போட்டு, அதே எண்களை அதே வரிசையில் அனுப்பினாள். ஒன்றும் தெரியாத பாப்பா போல ஓடியது. உன் ஒயர்தான் லூசு என்று அத்தான் சிரித்தார். மாலைக்குள் மறுபடி காட்டாவிட்டால் பம்ப் ஆஸ்பத்திரிக்குப் போகும் என்றார் மேலாளர். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சை விளக்கை நம்பி நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாரே என்று ஒயரை மறுபடி செருகினாள்.

மதியம் தாண்டியும் பம்ப் உறைய மறுத்தது. உளறல் எண் போகும்போதெல்லாம் அலாரம் மட்டும் காதைக் கிழித்தது. பம்புக்கு மேல்பெட்டி வரையும் பக்கத்து மேஜை டிசைனர் பொறுமையிழந்தார்.

"காலையில மாதிரி அமுக்கிவிடட்டுமா? தாங்கல."

"காலையில எதை அமுக்குனீங்க?"

"அலாரத்த நிறுத்துற பட்டனைத்தான். நீங்க ஸ்கிரீனையே பாத்துட்டிருந்தீங்க."

அவளுக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றியது. எல்லா ஒயரிலும் குப்பையைக் கொட்டியவள், மனித விரலை மறந்துவிட்டாள். ஆபீசே எரிச்சலில் அமுக்கும் பட்டன் அது. நர்ஸ் மட்டும் அமுக்காமல் இருப்பாரா? அந்தப் பட்டனையும் சோதனையில் சேர்த்து, கண்ட கண்ட நேரத்தில் அமுக்கவைத்தாள். கொஞ்ச நேரத்தில் பம்ப் உறைந்தது. பச்சை விளக்கு எரிந்தது. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

அத்தானைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் நிரலைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். மோட்டாரை ஓட்டும் வேலையும் அலாரத்தை அடக்கும் வேலையும் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றிருந்தன. அதைவிடப் பெரிய தப்பு அதற்குக் கீழே இருந்தது.

"நலம்னு சொல்ற வரிய நான் மோட்டார் வேலையில வைக்காம, உள்ள தனியா ஓடுற கடிகாரத்துல வச்சிட்டேன். மோட்டார் நின்னாலும் கடிகாரம் நலம்னுதான் சொல்லும்," என்றார். முகம் சுண்டிவிட்டது. ஆனால் மழுப்பவில்லை, மேலாளரிடம் போய், பம்ப் இன்று வெளியே போகாது என்று அவரே சொன்னார்.

முதலில் அந்தப் பொய்யைத் திருத்தினார். இனி மோட்டார் வேலையே நலம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பம்ப் தானே மறுபடி தொடங்க வேண்டும். வாலு அதே எண்களையும் அதே பட்டனையும் ஏவினாள். பம்ப் உறைந்தது. விளக்கு சிவந்தது, அலாரம் அலறியது, மறுகணம் பம்ப் தானாக எழுந்து விட்ட இடத்திலிருந்து மருந்தை ஏற்றியது. டிசைனர்கூடக் கைதட்டினார். கருவி விழும்போதெல்லாம் குதித்து வந்தவள், முதல்முறையாக ஒன்று எழுந்ததற்குக் குதித்தாள்.

"காத்து நிக்கிற சிக்கல அப்புறம் அவிழ்க்கிறேன். இப்ப இன்னும் அடி, வாலு," என்றார் அத்தான்.

அடித்தாள். அது எழுந்தது.