எழுபத்தொரு சதவீதம்

வெள்ளிக்கிழமைதோறும் பதினோராம் பக்கத்தில் தொலைக்காட்சிப் பத்தி எழுதுகிறவளுக்கு ஐம்பத்தோரு வயது. பத்தியின் அடியில் 'ஊசி' என்று மட்டும் இருக்கும். பதினாலு வருஷமாக அப்படித்தான். இப்போது அலுவலகத்திலும் அவளை ஊசி என்றே கூப்பிடுகிறார்கள்; வாசல் காவலாளி மட்டும் மரியாதைக்கு 'ஊசி மேடம்' என்பார்.

அவள் எழுத்து அந்தப் பெயருக்குப் பொருத்தம். எந்தத் தொடரில் செத்தவன் எத்தனையாவது தடவை பிழைத்து வந்தான், எந்த நடுவர் யார் பாடினாலும் ஒரே இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், நேரலையில் எந்தச் செய்தியாளர் மழையே இல்லாத இடத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் வம்பு பேசுகிற தோரணையில் எழுதுவாள். கடைசியில் அந்த வாரத்தின் பார்வையாளர் புள்ளிப் பட்டியல், அதற்கு ஒரு வரி நக்கல். படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். எழுதப்பட்டவர்கள் சிரித்ததில்லை.

அவளுக்கு ஒரே தங்கை. ஆறு வயது இளையவள். நாலு வருஷமாகத் தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு 'அக்கா இருக்கேன்' என்ற நேரலை நிகழ்ச்சியை நடத்துகிறாள். நேயர்கள் தொலைபேசியில் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வார்கள். அவள் கேட்டு, அதட்டி, ஆறுதல் சொல்லி அனுப்புவாள். எழுபது வயதுக் கிழவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் அழைப்பார்கள். ஊரெல்லாம் அக்கா, வீட்டில் தங்கச்சி என்று அவர்களுடைய அம்மா சொல்லிச் சிரிப்பாள். அம்மா தங்கையோடுதான் இருக்கிறாள். ஊசி ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அந்த நிகழ்ச்சியைப் பற்றி ஊசி ஒரு எழுத்து எழுதியதில்லை. 'எல்லாரையும் குத்துகிறீர்கள், அந்த அக்காவை மட்டும் ஏன் விட்டுவைக்கிறீர்கள்?' என்று வாசகர் கடிதங்கள் வரும். இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியாது. ஆசிரியருக்குத் தெரியும், அவர் கேட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வழக்கம்போல் மடியில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தாள். எழுதத்தான் மாட்டாளே தவிர, தங்கையின் நிகழ்ச்சியைப் பார்ப்பாள். அன்று ஒரு பெண்ணின் அழைப்பு வந்தது. கணவன் வேறொருத்தியோடு போய்விட்டானாம்.

"போற அன்னிக்குக் காலையில அவர் சட்டையெல்லாம் நான்தாங்க்கா தேய்ச்சுக் கொடுத்தேன்," என்றது குரல். "அவருக்கு மடிக்கத் தெரியாது. நானே மடிச்சுப் பெட்டியில வச்சேன். பெட்டிப் பூட்டு உடைஞ்சு போயிருந்தது. ஜன்னல் திரையிலேர்ந்து கயிறை உருவிக் கட்டிக் கொடுத்தேன்."

ஊசியின் பேனா நின்றது. அந்தத் திரை அவள் வீட்டு ஜன்னலுடையது, பச்சை நிறம். அந்தக் கயிறு போனதிலிருந்து அந்த ஜன்னலில் திரை ஒருபக்கம் தொங்கிக்கொண்டே இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், தன் கணவன் போன மறுநாள் தங்கை வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்தபோது தங்கையிடம் மட்டும் சொன்ன விஷயம். வேறு யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட.

தொலைக்காட்சியில் தங்கை முன்னால் சாய்ந்து, கன்னத்தில் கை வைத்து, "ஏம்மா, போறவனுக்குப் பெட்டி கட்டிக் கொடுத்தா அவன் திரும்பி எதுக்கு வருவான்? உன் மேலயும் தப்பு இருக்கில்ல?" என்றாள். அழைத்த பெண் விம்மினாள். அந்த விம்மலில் மூச்சு சரியான இடத்தில் எடுக்கப்பட்டது. பதினாலு வருஷம் அழுகைகளைப் பார்த்து எழுதியவளுக்கு, அது பயிற்சி பெற்ற தொண்டை என்று உடனே தெரிந்துவிட்டது. பிறகு திரையின் அடியில் வாக்கெடுப்பு ஓடியது. தப்பு யார் மேல்? கணவனா, மனைவியா? நிகழ்ச்சி முடியும்போது எழுபத்தொரு சதவீதம் பேர் மனைவி என்றார்கள்.

வியாழக்கிழமை புள்ளிப் பட்டியல் வந்தது. 'அக்கா இருக்கேன்' முதன்முறையாக முதலிடம். ஆசிரியர் அவள் மேசைக்கே வந்தார்.

"இந்த வாரம் இதை எழுதாம விட்டா நல்லா இருக்காது. அந்தப் பெட்டிக் கதையைத்தான் ஊரே பேசுது."

"அது போலி அழைப்பு சார். பேசினது நடிகை."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆதாரம் இருக்கா?"

இருந்தது. சொன்னால், அந்தப் பெட்டியைக் கட்டியவள் யார் என்றும் சொல்ல வேண்டும். "இல்ல சார்," என்றாள். அந்த வாரப் பத்தியில் ஒரு சமையல் போட்டியைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டு நேராகத் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனாள்.

தங்கை ஒப்பனை அறையில் இருந்தாள். பவுடர் படாமலிருக்க ரவிக்கைக் கழுத்தில் காகிதத் துண்டுகளைச் செருகியிருந்தார்கள். ஒப்பனைக்காரப் பெண் எழுந்து வெளியே போகப் பார்த்தாள்.

"நீ இரு," என்றாள் தங்கை. "எனக்கு இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு. இவங்க பேசட்டும், நீ வேலையைப் பாரு."

"யாரைக் கேட்டு என் கதையை எடுத்தே?"

"உன் கதைன்னு யாருக்குத் தெரியும்? பேர் சொன்னேனா, ஊர் சொன்னேனா?"

"எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சா போதும். போன மாசம் புள்ளி இறங்கிடுச்சு. அழைப்பு ஒண்ணும் சரியா வரலை. மாமியார் உப்பு அதிகம் போடறாங்கன்னு எத்தனை நாள் ஓட்டறது? இயக்குநர் ஏதாவது கொண்டான்னு கழுத்தைப் பிடிச்சார். கொண்டு வந்தேன்."

"பத்து நாள் உன் வீட்டுல இருந்தப்ப நம்பிச் சொன்னேன்."

தங்கை கண்ணாடியிலிருந்து பார்வையைத் திருப்பவில்லை. கண் மை தீட்டிக்கொண்டிருந்ததால் இமைக்கவும் இல்லை. "பதினொரு வருஷத்துக்கு முன்னாடி என் முதல் நிகழ்ச்சி. பசங்களுக்கான வினாடி வினா. நீ என்ன எழுதினே? கேள்வி கேட்கிறவருக்குப் பதிலா ஒரு அலமாரியை நிறுத்தியிருந்தா அதுவாவது பதறாம நின்னிருக்கும்னு. மூணு வாரத்துல மூடிட்டாங்க. அடுத்த வேலை கிடைக்க நாலு வருஷம் ஆச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு நீ என் வீட்டு வாசல்ல வந்து நின்னப்ப அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டேனா?"

"அது என் வேலை. நான் பார்த்ததைத்தான் எழுதினேன்."

"இது என் வேலை. நான் கேட்டதைத்தான் போட்டேன்."

ஒப்பனைக்காரப் பெண் பவுடர் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாள். ஊசிக்குச் சொல்ல நிறைய இருந்தது. எழுத உட்கார்ந்தால் கொட்டும் சொல், எதிரில் ஆள் இருந்தால் அவளுக்கு வராது. "வாக்கெடுப்பு வேறயா?" என்று மட்டும் கேட்டாள்.

"அது இயக்குநர் போட்டது." தங்கை காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவிக் குப்பையில் போட்டாள். "ஆனா தப்பா ஒண்ணும் சொல்லிடலியே ஜனங்க."

ஊசி மூன்று நாள் பொறுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போகவில்லை. திங்கட்கிழமை மூன்று மணி ஐந்து நிமிஷத்துக்குத் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நிகழ்ச்சியின் எண்ணை அழுத்தினாள். எடுத்த பெண் பேர், வயது, என்ன பிரச்சினை என்று கேட்டாள். ஊசி ஒரு பேரைச் சொன்னாள். பிரச்சினை என்னவென்றதற்கு, "கூடப்பிறந்தவ துரோகம் பண்ணிட்டா," என்றாள். அது நல்ல பிரச்சினையாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பெண் ஆறே நிமிஷத்தில் இணைப்பு கொடுத்து, "டிவி சத்தத்தைக் குறைச்சிடுங்கம்மா," என்றாள்.

சத்தத்தைக் குறைத்தாள். படம் ஓடிக்கொண்டிருந்தது. நேரலை என்று சொன்னாலும் வீட்டுத் திரைக்கு வர ஏழு விநாடி ஆகும். ஏதாவது ஏடாகூடமானால் வெட்ட வசதியாக. அதனால் தங்கையின் குரலை முதலில் காதில் கேட்டாள், பிறகுதான் அவள் வாய் அசைந்ததைப் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா, அக்கா இருக்கேன்."

"போன வாரம் பெட்டி கட்டின பொண்ணு பேசினாளே, அவ நடிகை. கதை என்னோடது."

ஏழு விநாடி கழித்துத் திரையில் தங்கையின் கை காதுக்குள் இருந்த ஒலிக்கருவியைத் தொட்டது. இணைப்பை வெட்டவா என்று இயக்குநர் அவளைக் கேட்டிருக்கலாம். இணைப்பு வெட்டப்படவில்லை.

"அப்படியா?" என்றாள் தங்கை. நிகழ்ச்சிக் குரல்தான். "நீங்க சொல்றதை எப்படி நம்பறது?"

அப்படிக் கேட்பாள் என்று ஊசி நினைத்திருக்கவில்லை. "நாலாவது சட்டையில காலரைக் கருக்கினேன். இஸ்திரிப் பெட்டியை அதுமேலயே வச்சுட்டுப் புகை வர்ற வரைக்கும் நின்னேன். கருகின பக்கம் உள்ள போற மாதிரி மடிச்சு வச்சேன். அதை உன் நடிகை சொல்லலை. ஏன்னா அதை நான் உன்கிட்ட சொல்லலை."

"ஏன் சொல்லலை?" அது நிகழ்ச்சிக் குரல் இல்லை.

"சொல்லியிருந்தா அதையும் வித்திருப்பே."

தங்கை கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். "நேயர்களே, என்னை எல்லாரும் அக்கான்னு கூப்பிடறீங்க. எனக்கு அக்கா இவங்கதான். கூடப்பிறந்தவங்க. வெள்ளிக்கிழமை பேப்பர்ல ஊசின்னு எழுதறாங்களே, அது இவங்கதான். கதை இவங்களோடதுதான், நான்தான் எடுத்தேன். அலமாரியா இருக்கிற நான் வேற என்ன செய்ய முடியும்?"

அதன் பிறகு அது நிகழ்ச்சியாக இல்லை, வீட்டுச் சண்டையாகிவிட்டது. அலமாரியிலிருந்து அம்மாவின் மருந்துக்குப் போனார்கள். யார் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் தரையில் படுத்தது, யார் பழப்பையோடு வந்து பத்து நிமிஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தது. "உன் புருஷன் ஏன் போனார்னு உனக்கே தெரியும். வீட்டுக்குள்ள வர்ற ஆளுக்கெல்லாம் மார்க் போட்டா எவன் இருப்பான்?" என்றாள் தங்கை. "உனக்கு ஒருத்தர் அழுதாத்தான் சோறு," என்றாள் ஊசி. பதினேழு நிமிஷம், நடுவில் ஒரு விளம்பரமும் வரவில்லை. அது ஏன் என்று இருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

முதலில் ஊசிதான் பார்த்தாள். திரையின் அடியில் ஒரு பட்டை ஓடிக்கொண்டிருந்தது. தப்பு யார் மேல்? அக்காவா, தங்கையா? எண்கள் ஏறிக்கொண்டிருந்தன.

"கீழ பாரு," என்றாள்.

"என்ன?"

"கீழ வாக்கெடுப்பு ஓடுது. நம்ம ரெண்டு பேருக்கும்."

தங்கை பக்கத்திலிருந்த சின்னத் திரையைக் குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு யாரையோ பார்த்து, "யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்றாள். அந்தக் கேள்வியைத்தான் நாலு நாளைக்கு முன்னால் அவளிடம் ஒருத்தி கேட்டிருந்தாள் என்பது அவளுக்கு நினைவு வந்ததா, தெரியாது. காதிலிருந்ததைப் பிடுங்கினாள், முந்தானையிலிருந்து மைக்கைக் கழற்றி மேசையில் வைத்தாள், எழுந்து போனாள். ஊசியின் காதில் நாற்காலி நகர்கிற ஓசையும் கதவு சாத்துகிற ஓசையும் கேட்டன. ஏழு விநாடி கழித்துத் திரையில் அவள் எழுந்து போவது தெரிந்தது. காலி நாற்காலியை நாற்பது விநாடி காட்டினார்கள். ஊசி மட்டும் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது நேரலையில் போய்க்கொண்டிருந்தது.

அந்த வாரம் அந்த நிலையத்துக்கு அதுவரை வராத புள்ளிகள் வந்தன. தப்பு தங்கை மேல்தான் என்று வாக்கு முடிந்தது, நாலு சதவீத வித்தியாசத்தில்; ஊசி கேட்காமலே பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். இயக்குநர் ஊசியைத் தொலைபேசியில் அழைத்து, வாரம் ஒருநாள் இருவரும் சேர்ந்து உட்கார முடியுமா என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள். தங்கையிடமும் கேட்டிருக்கிறார். அவள் சொன்ன பதிலுக்குப் பிறகு அவளை எடுத்துவிட்டு, வேறொரு அக்காவை உட்கார வைத்தார்கள். நேயர்கள் ஒரே வாரத்தில் அவளையும் அக்கா என்று கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

பத்திரிகை ஆசிரியர் முழுப் பக்கம் கேட்டார். "நீங்க எழுதலேன்னா வேற யாராவது எழுதுவாங்க," என்றார்.

"எழுதட்டும் சார். ஊசின்னு மட்டும் போடாதீங்க." மறுமாதம் பத்தியை விட்டுவிட்டு, பிழை திருத்தும் பிரிவுக்கு மாற்றிக்கொண்டாள். அங்கே யாரையும் குத்த வேண்டியதில்லை, ஒற்று மிகுமா மிகாதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

சகோதரிகள் பேசிக்கொள்ளவில்லை. தங்கை வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து அம்மாவிடம் போக ஊசி முயன்றாள். தங்கைக்கு இப்போது வேலையே இல்லாததால் அது முடியவில்லை. அவள் வந்தால் தங்கை எழுந்து மாடிக்குப் போய்விடுவாள். அம்மா இரண்டு பேரையும் திட்டிப் பார்த்து அலுத்துப் போனாள். கண்புரை அறுவைக்கு நாள் குறித்தபோது, "ரெண்டு பேரும் வந்தாத்தான் நான் படுப்பேன். இல்லேன்னா இப்படியே மங்கலாப் பார்த்துட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டாள்.

இருவரும் போனார்கள். கண் மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் நடுவில் இரண்டு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள். அம்மாவை உள்ளே அழைத்துப் போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு கண்ணில் கட்டுப் போட்ட பெண் ஒருத்தி தங்கையை உற்றுப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள்.

"நீங்க அக்காதானே? டிவியில உங்களைக் காணோமே. ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

தங்கை தலையாட்டி எழுந்தாள். அந்தப் பெண் சுற்றிலும் பார்த்துவிட்டு, மற்றக் கண்ணுக்கு எட்டிய இடத்தில் இருந்த ஊசியிடம் கைபேசியை நீட்டினாள். "நீங்க கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?"

ஊசி வாங்கிக்கொண்டு எழுந்து நின்றாள். திரையில் தங்கையின் முகம் ஒப்பனை இல்லாமல் இருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு, நெற்றியோரம் நரை. நாலு மாதமாக அந்த முகத்தை அவள் நேராகப் பார்த்திருக்கவில்லை. சிரிக்க முயன்று சிரிப்பு வராமல் தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலையைத் தூக்கு," என்றாள் ஊசி. "நிழல் விழுது."

தங்கை தலையைத் தூக்கினாள். "எடுத்துத் தொலை," என்றாள் பல்லைக் கடித்தபடி.

ஊசி இரண்டு படம் எடுத்தாள். முதலாவது சரியில்லை என்று அவளே மூன்றாவதும் எடுத்துக் கொடுத்தாள்.