வழியெல்லாம் முற்றுப்புள்ளி

கோடு போடச் சொன்னால் ரோடே போட்டுவிடுவான் என்று நகராட்சி ஆபீசில் இன்ஜினியரைப் புகழாத ஆள் கிடையாது. இந்த முறையும் நடைபாதையைப் பிரமாதமாகப் போட்டான் மகராசன். கோட்டைத்தான் விட்டுவிட்டான்.

அதைக் கண்டுபிடித்தவள் அவனுடைய சொந்த அக்கா. அதே ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லை. தம்பி கிளம்பும்போது கிளம்பி, தம்பி திரும்பும்போது திரும்பி, அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்தே அலுத்துப்போயிருந்தாள். "ஒரு நாளாவது நானா நடந்து வேலைக்குப் போகணும்டா" என்பாள். பார்வையற்றவர்கள் காலால் தடவி வழி அறியும் புடைப்புக் கல்லைப் பதிக்க அவன் நாயாய் அலைந்தது அதற்காகத்தான். பாசத்தில் குறை சொல்ல முடியாது.

திறப்பு விழாவில் நகராட்சித் தலைவர் ரிப்பன் வெட்டினார். முதல் நடை அக்காவுடையது. அவள் வெள்ளைக் கோலை நீட்டி, எட்டும் வரை தடவி, ஓரடி வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"நடங்கம்மா" என்றார் தலைவர்.

"எப்படிங்க நடக்கறது? கல்லு நிக்கச் சொல்லுதே!"

தம்பி ஓடிவந்து காதைக் கடித்தான். "என்னக்கா ஆச்சு?"

"கோடு இருந்தா நட, புள்ளி இருந்தா நில்லு. கல்லுக்குத் தெரிஞ்ச பாஷை அவ்வளவுதான்டா. நீ என்னடான்னா வழியெல்லாம் முற்றுப்புள்ளி வச்சிருக்க!"

"கோட்டுக் கல்லும் வந்துச்சுக்கா. தலைவர்தான் புள்ளி பாக்க அழகா இருக்குன்னாரு..."

"யாரு பாக்க?"

அவன் கெஞ்சினான். "எனக்காக ஒரு தடவை நடந்துடுக்கா. மானம் கப்பலேறுது."

அந்தக் குரலுக்கு அவள் என்றைக்குமே இளகிவிடுவாள். தொலையட்டும் என்று நடந்தாள். கைதட்டல் காதை அடைத்தது. யார் கையையும் பிடிக்காமல் நடக்கிறோமே என்று அவளுக்கே ஒரு கிறுக்குச் சந்தோஷம் வந்து, நடை வேகமெடுத்தது. காலுக்கடியில் புள்ளி, புள்ளி, இன்னும் புள்ளிதான். நடைபாதை சரிவாக இறங்கி ரோட்டோடு கலந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

"அக்கா! நில்லு!"

உறைந்து நின்றாள். மூக்குக்கு முன்னால் ஒரு லாரி சூடாகக் காற்றடித்துவிட்டுப் போனது.

"ஆஹா, என்ன பாசம்! படம் பிடிச்சீங்களா?" என்று தலைவர் கைதட்டினார்.

தம்பி அவள் கையைப் பிடித்தான். "வாக்கா, வீட்டுக்குப் போயிடலாம்."

அவள் கையை உருவிக்கொண்டாள். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "தினமும் இங்க நின்னு கத்துவியாடா? நீ இப்பக் கத்தினத இந்தக் கல்லுதானே சொல்லணும்?"

"மாத்திடறேன்க்கா. சத்தியமா. இப்ப வா, தலைவரோட கார் இப்படித்தான் போகணும்."

"போகட்டும். நான் நகரமாட்டேன்." கோலால் காலடியைத் தட்டினாள். "எது மேல நிக்கறேன்னு பாரு. நிக்கத்தானே சொல்லுது? நீ கோடு போடு. அப்புறம் நான் ரோட்டையே தாண்டிக் காட்டறேன்."