ஒன்பது மோட்டாருக்கு ஏழு அட்மின்

இராஜாங்கத்தின் அறுபத்தெட்டாவது பிறந்தநாளன்று காலை ஆறு மணிக்கு ஊரிலுள்ள ஒன்பது மோட்டார்களும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தன. யாரும் சுவிட்சைத் தொடவில்லை. ஏழரைக்குள் அவர் முந்தின நாள்தான் விதைத்திருந்த குறுவை நாற்றங்கால் தளும்பி, விதை முழுக்க வரப்பைத் தாண்டிப் பக்கிரியின் வயலில் போய் இறங்கிவிட்டது. வலங்கைமான் பக்கத்தில் இப்படி ஒரு பிறந்தநாள் பரிசு யாருக்கும் கிடைத்ததில்லை.

பழி ஹுமைராவின் தலையில் விழுந்தது. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியில் உட்கார்ந்து, அந்த ஊர் விவசாயிகள் சங்கத்துக்காக இரண்டு வருடமாக மோட்டார் மென்பொருள் எழுதியவள் அவள்தான். ஒவ்வொரு மோட்டாரிலும் ஒரு சிம் கார்டு. சங்கத்து எண்ணிலிருந்து போன் போனால் ஓடும், மறுபடி போனால் நிற்கும். தான் பெற்ற பிள்ளையைப் போல அதைப் பற்றி எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தாள்.

நோண்டிப் பார்த்ததில் உண்மை தெரிந்தது. சங்க இயக்குநர்களில் ஒருவரான பக்கிரி, துபாயிலிருக்கும் மருமகனிடம் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வாங்கி மென்பொருளுக்குள் சேர்த்திருந்தார். தலைவர் இராஜாங்கத்தின் பிறந்தநாளன்று எல்லோருக்கும் போன் போட்டு "தலைவர் நீடூழி வாழ்க" என்று சொல்வதுதான் அதன் வேலை. உறுப்பினர்களின் எண்களைப் பார்க்க அனுமதி இருந்தால் அதற்குப் போதும். ஆனால் அதனிடம் முழு அனுமதி இருந்தது. ஆகவே மோட்டார்களின் எண்களும் அதன் கண்ணில் பட்டன. ஒன்பது மோட்டாருக்கும் வாழ்த்துச் சொன்னது. அவையும் மரியாதை தெரிந்த மோட்டார்கள், எழுந்து ஓடின.

வாழ்த்துச் சொல்கிற புரோகிராமுக்கு யார் முழு அனுமதி கொடுத்தது? ஹுமைராதான். அது ஒரு வெட்கக்கேடான கதை. தலைவர் என்பதால் முதலில் இராஜாங்கத்துக்கு அட்மின், அதாவது முழு அனுமதி, கொடுத்தாள். அன்று சாயங்காலமே பக்கிரி மாடியேறி வந்துவிட்டார்.

"அவருக்கு அட்மின், எனக்கு இல்லியா? கோயில்ல அவருக்குப் பரிவட்டம் கட்டுனா அடுத்தது எங்க வீட்டுக்குத்தான். தெரியும்ல?"

கொடுத்தாள். ஒரே வாரத்தில் மற்ற நான்கு பேரும் வந்து வாங்கிப் போனார்கள். ஏழாவது இயக்குநர் தர்மாம்பாள் மட்டும் கேட்கவில்லை. அவரை மட்டும் விட்டால் நன்றாக இருக்காதென்று ஹுமைராவே கொடுத்தாள். கடைசியில் பக்கிரி, "எம் மருமவன் எழுதுனதுக்கு மட்டும் என்னம்மா கொறச்சல்?" என்று புரோகிராமுக்கும் கேட்டார். கொடுத்துத் தொலைத்தாள். இத்தனைக்கும் அட்மின் வாங்கிய ஆண்கள் ஆறு பேரும் ஒருநாளும் ஒரு மோட்டாரைக்கூட ஓட்டியதில்லை. விடிந்ததும் வயலில் நின்று ஓட்டுவதும் நிறுத்துவதும் தர்மாம்பாள் ஒருவர்தான்.

நாற்றங்கால் மிதந்த செய்தி, மோட்டார்களுக்கு மானியம் தந்த அலுவலகம் வரைக்கும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை சோதனைக்கு ஆள் வருவதாகக் கடிதம் வந்தது. முழு அனுமதி ஒரே ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். ஒரு பெயர் கூடுதலாக இருந்தாலும் ஹுமைராவின் மென்பொருளைக் கழற்றிவிட்டு வேறொரு கம்பெனியுடையதை மாட்டிவிடுவார்கள். இரண்டு வருட உழைப்பு! அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டியில் சங்கத்துக்குப் போய்க் கெஞ்சினாள். "யார் என்ன வேலை செய்றாங்களோ, அதுக்கு வேண்டிய அனுமதி மட்டும் இருந்தா போதுங்கய்யா."

"தாராளமா எடுத்துக்க பாப்பா" என்றார் இராஜாங்கம். "மொதல்ல பக்கிரிகிட்டேருந்து எடு."

"அவருகிட்ட எடுத்துட்டு வா, அடுத்த நிமிஷமே நான் தர்றேன்" என்றார் பக்கிரி.

மற்றவர்களும் அப்படியே. எல்லோருமே விட்டுக்கொடுக்கத் தயார், இரண்டாவது ஆளாக.

புதன்கிழமை முழுக்க ஹுமைரா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். இவர்களுக்கு வேண்டியது அதிகாரமே இல்லை என்பது சாயங்காலம்தான் உறைத்தது. யாருக்கு என்ன அனுமதி என்று எழுதியிருக்கும் கோப்பைத் திறந்து 'முதல் மரியாதை' என்று புதிதாக ஒரு படியைச் சேர்த்தாள். அதில் இருப்பவர் உள்ளே நுழைந்தால் நாயனம் வாசிக்கும், திரையில் சம்பங்கி மாலை இறங்கும், பெயர் தங்க எழுத்தில் மின்னும். அனுமதி என்று பார்த்தால், படிக்கலாம். அவ்வளவுதான். மோட்டார் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் ஆறு பேரும் அட்மினை உதறிவிட்டு அந்தப் படியில் ஏறிவிட்டார்கள். இராஜாங்கம் ஒரே நாளில் பதினோரு தடவை உள்ளே போய் வந்தார். பக்கிரி டவுன் பஸ்ஸில் கண்டக்டருக்கு மாலையைக் காட்டி, டிக்கெட் வாங்க மறந்தார். வாழ்த்துப் புரோகிராமுக்கும் ஒரு மாலையைப் போட்டு, உறுப்பினர் எண்களோடு நிறுத்தினாள். ஹுமைரா வீட்டுக்குப் போய் மூன்று நாள் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்த சோதனை அதிகாரி நவநீத், கொடுத்த காபியைக்கூடத் தொடவில்லை. "முழு அனுமதி யார்கிட்ட இருக்கு?" என்றார்.

இயக்குநர்களில் மிஞ்சியிருந்தது தர்மாம்பாள் மட்டும்தான். ஆனாலும் தலைவரைக் கேட்காமல் விட்டால் நன்றாக இருக்காதென்று, "தலைவர் ஐயாகிட்ட வச்சுடலாம் சார்" என்று ஹுமைரா திரும்பினாள்.

இராஜாங்கம் சந்தேகமாகப் பார்த்தார். "அதுல மாலை வருமா?"

"வராதுங்கய்யா."

"நாயனம்?"

"இல்லீங்கய்யா."

"அப்ப என்னையக் கீழ எறக்கப் பாக்குற?"

"அவரு வேண்டாம்னு தள்ளுனதை நான் எடுத்துக்கணுமா?" என்று பக்கிரி அதற்குள் எழுந்து நின்றுவிட்டார். மற்ற நால்வரும் கூரையைப் பார்த்தார்கள். புதன்கிழமை வரை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய அட்மினை இன்று சீந்த ஆளில்லை. நவநீத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் காலில் சேற்றோடு உள்ளே வந்தார் தர்மாம்பாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எங்கிட்டயே இருந்துட்டுப் போவட்டும். நாந்தானே ஓட்டுறேன்" என்றார்.

"நல்லதுங்க" என்றார் நவநீத். "சோதிச்சுப் பார்க்கணும். எனக்கும் ஒரு மணி நேரம் முழு அனுமதி குடுங்க."

ஹுமைராவின் கை தானாகவே கீபோர்டுக்குப் போனது.

"எதுக்குங்க?" என்றார் தர்மாம்பாள்.

"எல்லாத்தையும் பார்க்கத்தான்."

"பாக்குறதுக்குப் பாக்குற அனுமதி பத்தாதுங்களா? மோட்டாரா ஓட்டப் போறீங்க?"

நவநீத் முதல்முறையாகச் சிரித்தார். "யாராவது கேக்குறாங்களான்னுதான் பார்த்தேம்மா. இதுவரைக்கும் போன எட்டு ஊர்லயும் குடுத்துட்டாங்க." ஹுமைரா கையைச் சத்தமில்லாமல் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

காபியைக் கையிலெடுத்துக்கொண்டு அவர் பட்டியலைப் பார்த்தார். முழு அனுமதி என்பதற்குக் கீழே இரண்டு பெயர்கள் இருந்தன. தர்மாம்பாள், ஹுமைரா.

"ஒருத்தர்தானே இருக்கணும்?"

"அது வந்து சார், நான் எழுதினவ. எனக்குமா இல்லாம..."

ஆறு பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். தன் குரல் எப்படி ஒலித்தது என்பது ஹுமைராவுக்கே கேட்டது. முகம் சிவந்துவிட்டது. நான்கு நாளாக இவர்களை நினைத்து நினைத்துச் சிரித்தவள், தன் பெயரும் அங்கே உட்கார்ந்திருப்பதை ஒருதரம்கூட யோசித்ததில்லை.

"எழுதுறதுக்கு என்ன வேணுமோ அதை வச்சுக்க பாப்பா" என்று சொல்லிக்கொண்டே தர்மாம்பாள் அவள் பெயரை அழுத்தி நீக்கினார். ஹுமைரா பதறிப்போய்த் தன் மடிக்கணினியில் அதே பக்கத்தைத் திறந்தாள். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. அவளே எழுதிய வாசகம்தான். இவ்வளவு வலிக்குமென்று தெரியாமல் எழுதியிருந்தாள்.

நவநீத் கையெழுத்துப் போட்டார். மென்பொருள் பிழைத்தது. துள்ளிக் குதிக்க வேண்டிய நேரத்தில் அவள் அந்தப் பக்கத்தை மறுபடியும் திறந்து பார்த்தாள்.

இராஜாங்கம் தன் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இப்படி வந்து உக்காரு பாப்பா. ரெண்டு நாளைக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கும். அப்பறம் பழகிடும்."

ஹுமைரா போய் ஏழாவது ஆளாக உட்கார்ந்தாள்.