உறங்கிய கைக்குத் தொண்ணூற்றாறு

2025 நவம்பர் 19, புதன்கிழமை. உறங்கிக்கொண்டிருந்த என் மனைவியின் கைக்கு ஓர் இயந்திரம் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு மதிப்பெண் வழங்கியது. அதை நம்பி அவளுடைய சிகிச்சையை முடித்துவிட்டார்கள்.

ஜூலையில் மாதங்கிக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்தது. முதல் சில மாதங்களே முக்கியம் என்றார் மருத்துவர். நாங்கள் வசிக்கும் லேக் மார்க்கெட்டிலிருந்து பெஹாலாவிலுள்ள சிகிச்சை நிலையத்துக்கு வாரம் மூன்று நாள் அழைத்துச் சென்றேன். அங்கே ஒரு ரோபோ அவள் முன்கையைப் பட்டைகளால் பிணைத்துக்கொண்டு, திரையில் தோன்றும் புள்ளிகளை நோக்கி நகர்த்தும். நோயாளியின் கை முயல முயல, அது தன் உதவியைக் குறைக்க வேண்டும். மாதங்கிக்கு வேண்டியது ஒன்றே: தன் தலையைத் தானே பின்னிக்கொள்வது. நான் போடும் பின்னலை அவள் சணல் கயிறு என்கிறாள்.

அன்று மாத்திரை மயக்கத்தில் கண்ணயர்ந்தாள். கை மட்டும் புள்ளி புள்ளியாகப் போய்க்கொண்டே இருந்தது. எழுப்பித் திரையைக் காட்டினேன்.

"தூங்கினதுக்கே தொண்ணூத்தாறா? உங்க கிளாஸ்ல முழிச்சுண்டு எழுதினவாளுக்கே நீங்க அறுபதைத் தாண்டிப் போட்டதில்லையே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயிற்சியாளர் சாதனாவிடம் விளக்கம் கேட்டேன். ஒருவருக்கு இருபதே நிமிடம். முழு உதவியில் ஓட்டினால்தான் எல்லாப் புள்ளிகளும் முடியும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று வங்காள மொழியில் ஒளிக்காமல் சொன்னார். உதவியைப் பூஜ்யமாக்கச் சொன்னேன். ஆக்கினார். மாதங்கி பல்லைக் கடித்தாள், நெற்றி வியர்த்தது, கை இரண்டு விரற்கடை நகர்ந்து நின்றது. திரையில் 11.

"இந்தப் பதினொண்ணு என்னோடது," என்றாள்.

மேலாளர் அதைப் பார்க்கவே மறுத்தார். 96 எடுத்ததால் இலக்கு நிறைவேறியது, சிகிச்சை முடிந்தது என்று அச்சிட்ட படிவத்தில் என் கையொப்பம் கேட்டார். 96-ஐச் சிவப்பு மையால் அடித்து, 11 என்று எழுதிக் கையொப்பமிட்டேன். படிவம் கெட்டுவிட்டதென்று புதியதொன்றை நீட்டினார். அதைத் தொட மறுத்தேன். வெள்ளிக்கிழமை நாங்கள் சென்றபோது அவள் இடத்தில் வேறொருவரை அமர்த்திவிட்டார்கள்; அவருக்கும் முழு உதவியே. ஆசிரியரே விடையெழுதி மாணவனைத் தேர்ச்சிபெறச் செய்தால் அதற்கு மோசடி என்று பெயர். முப்பத்தோராண்டு விடைத்தாள் திருத்திய நான் சொல்கிறேன்.

உங்கள் வீட்டார் கை அத்தகைய இயந்திரத்தில் பிணைக்கப்பட்டிருக்கிறதா? நாளையே செல்லுங்கள். உதவியைப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள். அதன்பின் வரும் எண்ணைத் தவிர வேறெதற்கும் கையொப்பமிடாதீர்கள்.