மூன்றாம் லிஃப்டுக்கு நாற்பது

அந்தப் பதினாறு மாடி மருத்துவமனையில் லிஃப்ட் பழுதுபார்க்கும் பெண்மணியை எல்லாரும் லிஃப்டம்மா என்பார்கள். கதவில் காதை வைத்தால் போதும், கம்பிவடத்தின் முனகல் மட்டுமல்ல, உள்ளே நிற்பவர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாரா என்பதும் அவளுக்குக் கேட்கும். அப்படி அவள் சொன்ன இரண்டு பேர் பின்னால் விவாகரத்து வாங்கினார்கள். வேறு சாட்சி எதற்கு?

இப்போது ஒரு கணினி வந்திருந்தது. பழைய பழுதுகளையெல்லாம் கணக்குப் போட்டு, இன்று எந்த லிஃப்ட் மக்கர் பண்ணும் என்று நூற்றுக்கு இத்தனை எனச் சொல்லும். கொண்டுவந்து வைத்தவன் வேறு யாருமல்ல, அவளுடைய மருமகனேதான்.

"அது சொல்றதப் பாத்துட்டு நீங்க கையெழுத்துப் போட்டா போதும்மா. இஷ்டமில்லன்னா வீட்ல ஓய்வெடுங்க" என்றார் நிர்வாகி.

"பாத்துட்டு எழுதினா என் பேனாவே அதுக்குச் சலாம் போடுது சார். நான் முதல்ல என் நம்பர எழுதி டப்பாவுல போட்டுடுவேன். அப்புறம் ரெண்டையும் கூட்டிப் பாதியாக்குங்க. முப்பத்தஞ்சத் தாண்டினா லிஃப்ட நிறுத்தணும்."

"அத்தை, வீம்பு வேணாமே" என்றான் மருமகன்.

"உங்க மெஷினுக்கும் சேத்துத்தான் மல்லுக்கு நிக்கிறேன் மாப்ளே. சும்மா இருங்க."

மூன்று மாதம் சோதனையாக நடந்தது. ஒருநாள் முதல் லிஃப்டுக்கு அவள் ஐந்து போட்டாள், கணினி எண்பது போட்டது. நிறுத்திப் பார்த்தால் வடத்தில் பாதி இழை அறுந்திருந்தது.

"எனக்குச் சளி. அதுக்குச் சளி பிடிக்காது, காதும் கிடையாது" என்றாள்.

கடைசி நாள் நிர்வாகி தீர்ப்புச் சொன்னார்: "நீங்க தப்பாச் சொன்னது ஒம்பது தடவை, மெஷின் எட்டு. நாளையிலேருந்து வர வேணாம்."

"சேத்துப் போட்ட கணக்கு தப்பானது மூணே தடவை சார். அதப் படிக்கலியா?"

அன்று மூன்றாம் லிஃப்டுக்கு அவள் எழுபது, கணினி பத்து. பாதி நாற்பது. 'ஓடாது' பலகையை மாட்டியிருந்தாள். நிர்வாகி அதைப் பிடுங்கினார்.

"மெஷின் பத்துதானே சொல்லுது!"

"நாப்பதுன்னா நின்னுடும்னு இல்ல சார். நோயாளிய ஏத்தாதேன்னு அர்த்தம். நீங்க வேணா ஏறுங்க, உங்க ஆபீஸ் பதினாறாவது மாடிதானே?"

அவர் ஒரு காலை உள்ளே வைத்து, மருமகனைப் பார்த்தார். அவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தான்.

"நான் படியில வரேன் சார்."

வைத்த கால் வெளியே வந்தது.

அவள் பலகையைத் திரும்ப மாட்டினாள். மற்ற லிஃப்டுகளில் நோயாளிகள் கூட்டம்; நிர்வாகி படியேறினார். ஒன்பதாவது மாடிப் படியில் உட்கார்ந்துகொண்டு, இரைக்க இரைக்கக் கீழே பார்த்துக் கத்தினார்:

"நாளையிலேருந்து அந்த டப்பா எங்க இருக்கும்மா?"

"இங்கயேதான் சார். நானும் இங்கயேதான்."