சொந்தக் குரலில் மூன்று சொல்

ஆடிக் கடைசி ஞாயிறு கூழ் ஊற்றிய மறுநாள் காலை ஏழேகாலுக்கு, கோவளம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் மனைத்தரகர் ஜெகதீசன் வாயைத் திறந்தார். மேடவாக்கத்து அம்மாள் ஒருத்தியின் குரல் வந்தது. "ஒரு டீ போதும்பா, சக்கரை மட்டும் வேணாம்" என்றது. இரண்டு வருஷத்துக்கு முன் மனை பார்க்க வருவதாகச் சொன்ன அந்த அம்மாள் போனில் பேசிய பேச்சு அது. கடைக்காரர் துரை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு கேட்டபடியே போட்டுக் கொடுத்தார். ஜெகதீசன் மூன்று கரண்டி சர்க்கரைக்காரர். அன்றிலிருந்து கசப்பு டீதான்.

மனுஷன் பலே ஆசாமி. வருகிற அழைப்பு, போகிற அழைப்பு எல்லாவற்றையும் அவர் போன் தானாகவே பதிந்துகொள்ளும். கேட்டால், "நாளிக்கு எவனும் நான் சொல்லலன்னு வாயை மாத்தக்கூடாது பாரு" என்பார். கிழக்குக் கடற்கரைச் சாலைத் தரகர்கள் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. ஆனால் பதிகிறவன் தானும் பதிவாகிறான் என்று யோசித்தவர் இவர் ஒருத்தர்தான். அதனால் எதற்கும் பிடிகொடுத்துப் பேசமாட்டார். கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று கேட்டால் பாத்துக்கலாம். பட்டா யார் பேரில் என்றாலும் பாத்துக்கலாம். ஒன்பது வருஷத்தில் நாலாயிரத்துப் பன்னிரண்டு அழைப்புகள், அத்தனையிலும் அவர் பங்கு மூன்றே சொல்: ஹலோ, சொல்லுங்க, பாத்துக்கலாம். செங்கல்பட்டு வக்கீல் சுப்புராமன், "கேக்காம பதியறதே வம்பு. அதை நாலு பேருக்குப் போட்டுக் காட்டினீர்னா அந்தரங்க உரிமைன்னு ஒண்ணு இருக்கு, கழுத்தைப் பிடிக்கும்" என்று போனில் எச்சரித்திருந்தார். ஜெகதீசன் பாத்துக்கலாம் என்றார். அதுவும் பதிவானது.

மனைவி ரேணுகாவுக்குத் தம்முடைய பழைய போனைத்தான் கொடுத்திருந்தார். அவள் பேசுவதெல்லாம் அதில் பதிவாகி இவர் போனுக்கு வந்து விழுந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. வீட்டுப் பேச்சை வெளியே பேசுகிறாள் என்று நிரூபிக்க ஆசைப்பட்டு, கூழ் குடிக்க வந்த மாமன் மச்சான் அத்தனை பேர் நடுவிலும் அவள் பேச்சைப் போட்டுக் காட்டினார். அணுபுரத்துத் தங்கை விஜயகுமாரியிடம் அவள் சொன்னது: "இவருகிட்ட பேசறதும் ஈபி போஸ்ட்டுகிட்ட பேசறதும் ஒண்ணுடி. டாக்டரு கர்ப்பப்பைய எடுக்கணும்னாரு, பயமா கீதுன்னேன். அதுக்கும் பாத்துக்கலாம்னு சொல்லிக்கினு போறாரு." யாரும் சிரிக்கவில்லை. ரேணுகா கையைக் கழுவிக்கொண்டு, "அது என் தங்கச்சிக்குச் சொன்னது, ஊருக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு அணுபுரம் போய்விட்டாள்.

மறுநாள்தான் குரல் போனது. போனது என்று சொல்லக் கூடாது, நிறைந்துவிட்டது. எதைச் சொல்ல நினைத்தாலும், அதை முன்பு போனில் சொன்னவர் குரலில்தான் வந்தது; யாரும் சொல்லாததாக இருந்தால் காற்றுதான். சொந்தக் குரலில் வந்தவை அந்த மூன்று சொல் மட்டும். மாமல்லபுரத்துப் போன் கடையில் கொடுத்து எல்லாப் பதிவையும் அழித்துப் பார்த்தார். போன் சுத்தமாயிற்று, தொண்டை ஆகவில்லை. சுப்புராமனிடம் ஓடினார். ஜட்ஜுக்காவது இதற்குச் சட்டம் தெரியுமா என்று கேட்க வாயைத் திறந்ததும், முன்பு போனில் பேசிய சுப்புராமனின் குரலே வந்து, "அந்த ஜட்ஜுக்குச் சட்டம் தெரிஞ்சா நான் ஏன் இன்னும் பஸ்ல போறேன்" என்று குமாஸ்தா காதுபடச் சொன்னது. வக்கீல் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "போனா இருந்தா பறிமுதல் பண்ணச் சொல்லலாம். வாயை எந்தப் பிரிவுல பறிமுதல் பண்றது?" என்றார்.

வெள்ளிக்கிழமை ரேணுகாவுக்கு ஆபரேஷன் என்று தகவல் வந்தது. பக்கத்தில் இருக்க வேண்டும், வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அதைத் தவிர ஜெகதீசனுக்கு வேறு நினைப்பில்லை. புதன்கிழமை நாலு மணிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்குப் போன் போட்டார். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, வீட்டுக்கு வா என்று, நாலாயிரத்துப் பன்னிரண்டு அழைப்புகளிலும் ஒரே ஒருத்திதான் சொல்லியிருந்தாள். அவர் வாயிலிருந்து ரேணுகாவின் குரல் வந்தது: "இன்னாங்க, எங்க கீறீங்க? ஒண்டியா கீறேன், பயமா கீது. வூட்டுக்கு வாங்க." டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவள் இவரிடம் கெஞ்சியது.

அவள் முழுக்கக் கேட்டாள். தன் குரல்தான் என்று தெரிந்துகொண்டாள். அன்று இவர் என்ன பதில் சொன்னார் என்பதும் அவளுக்கு மறக்கவில்லை.

"பாத்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், விஜயகுமாரி பார்த்துக்கொண்டாளாம். அது ஆகி ஒன்றரை வருஷம். ஜெகதீசன் இன்றும் நாலு மணிக்கு அதே பெஞ்சிலிருந்து போன் போடுகிறார். அதே குரலில் கூப்பிடுகிறார், அதே பதில் வருகிறது. ஊரில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. துரை சர்க்கரையில்லாத டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை எதுவும் காதில் விழாத தூரத்தில் போய் நின்றுகொள்கிறார்.